செவிச் செல்வர் பாக்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1750 வரை ஐரோப்பாவில் தழைத்த இசையைப் பரோக் இசை என்பர். அதன் வகைகளையெல்லாம் கேட்டும் படியெடுத்தும் கற்றுத் தமதாக்கிக் கொண்டவர் யோகான் செபாஸ்டியன் பாக்.

ஜெர்மனியின் ஐசனாக் நகரில் 1685ஆம் ஆண்டு இசைக் குடும்பமொன்றின் கடைக்குட்டியாய்ப் பிறந்த அவர், பத்து வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்தார். ஆர்கன் கலைஞரான தமையன் அவரை வளர்த்தார். தமையன் பூட்டி வைத்திருந்த இசையேட்டைச் சிறுவன் நிலவொளியில் ஆறு மாதம் படியெடுத்தான் என்றும், கண்டறிந்த தமையன் அப்படியைப் பறித்துக்கொண்டார் என்றும் சொல்வர். பறிபோனது தாள்தான், கற்றது போகவில்லை.

1705இல் பூக்ஸ்டஹூட என்னும் முதுபெரும் கலைஞரின் வாசிப்பைக் கேட்க, நான்கு வார விடுப்பில், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூபெக் நகருக்கு நடந்தே சென்றார். திரும்பியதோ நான்கு மாதம் கழித்து! பணியாற்றிய தேவாலயத்தாரின் கண்டனத்துக்கு ஆளானார். பின்னர் வைமார் அரசவையில் இருக்கையில் இத்தாலியர் விவால்டியின் கான்செர்ட்டோக்களை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றியெழுதிப் பயின்றார்.

1735இல் வெளியிட்ட ஒரே நூலில் இத்தாலியக் கான்செர்ட்டோ ஒன்றையும் பிரெஞ்சு ஓவர்ச்சர் ஒன்றையும் அருகருகே வைத்தார். முன்னதில் குழுவாய் முழங்கும் பகுதி பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும். இடையே தனிக்குரல் துள்ளியோடும். பின்னதோ நெடிலும் குறிலுமாய் மன்னர் பவனிபோல் மெல்லத் தொடங்கி, பின் விரைந்தோடும். தொடர்ந்து நடன வகைகள் வரும். ஃபியூக் என்பதிலோ ஒரு குரல் தனியே தொடங்கும். அம்மெட்டை இரண்டாவது குரல் வேறு உயரத்தில் ஏற்க, முதற்குரல் ஓயாது உடன் செல்லும். மூன்றாவதும் வந்து சேரும்.

1723 முதல் இறுதிவரை லைப்சிக் நகரில் பணியாற்றினார். எளிய மெட்டுகளே நாகரிகமாகிவிட்ட காலம் அது. அவர் இசை சிக்கலானது என்று இளைய விமரிசகர் ஒருவர் 1737இல் குறைகூறினார். ஆயினும் பாக் ஃபியூக்கைக் கைவிடவில்லை. முதுமையில் அதற்கெனவே ஒரு பெருந்தொகுப்பு இயற்றினார். பார்வை மங்கி, இரு முறை அறுவை செய்தும் பயனின்றி, 1750 ஜூலை 28இல் மறைந்தார். 1829இல் இருபது வயது மெண்டல்சன் மத்தேயுவின் பாடுகள் பற்றிய அவர் படைப்பைப் பெர்லினில் நடத்திய பின்னரே, பெருங்கூட்டம் மீண்டும் அவரைக் கேட்கத் தொடங்கியது.

மாணவ நண்பர்களே! பாக்கின் ஃபியூக் ஒன்று கேட்க வாய்த்தால் கண்களை மூடிக்கொள்ளுங்கள். முதற்குரலின் மெட்டு எத்தனை முறை திரும்புகிறதென்று எண்ணுங்கள். அவர் நடந்த வழியில் நாமும் ஓரடி நடந்தவராவோம்.