ஏடும் பட்டறையும்

கொதிகலனில் நீர் ஆவியாகிறது, சுழலியைச் சுழற்றுகிறது, குளிர்ந்து நீராகி மீண்டும் கொதிகலனை அடைகிறது. அனல் மின்நிலையங்கள் இயங்கும் இச்சுழற்சிக்கு 'ராங்கின் சுழற்சி' என்று பெயர். யார் அந்த ராங்கின்?

1820-இல் எடின்பரோவில் பிறந்த வில்லியம் ராங்கின், பல்கலைக்கழகத்தில் ஈராண்டு பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். அயர்லாந்தில் இருப்புப்பாதை வேலையில் தொழில் பழகினார். ரயில் வண்டியின் அச்சு திடீரென முறிவது ஏன் என ஆராய்ந்து, 1843-இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். பின்னர், வெப்பம் வேலையாக மாறும் விதத்தைக் கணிதத்தால் விளக்கினார். 'நிலையாற்றல்' என நாம் வழங்கும் கருத்துக்கு 1853-இல் ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் அவரே.

பட்டம் பெறாத அவரை 1855-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பேராசிரியராக ஏற்றது. ஏட்டறிவு பட்டறைக்கு உதவாது என்போர் ஒருபுறம். பட்டறைத் தொழிலுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்போர் மறுபுறம். இரண்டும் இணைந்தாலே பொறியியல் என்று தம் முதல் சொற்பொழிவிலேயே வாதிட்டார். 1859-இல் வெளிவந்த அவரது நீராவி எந்திர நூல் அவ்வாதத்தை மெய்ப்பித்தது. 1857-இல் ஸ்காத்லாந்துப் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவருமானார். 1872-இல், 52 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, பட்டம் வாங்கவே நாம் வந்திருக்கிறோம், வாங்குவோம். ஆயினும் கையில் கரி படியாத கல்வி பாதிக் கல்வியே என்பதை ராங்கின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.