கத்லீன் ட்ரூ பேக்கர் (1901 – 1957)

மாணவர்களே, சோற்றை மெல்லிய கரும்பச்சைத் தாளொன்றினுள் சுருட்டி உண்ணும் யப்பானிய உணவை நீங்கள் படங்களிற் பார்த்திருப்பீர்கள். நோரி எனப்படும் அத்தாள், கடலில் வளரும் சிவப்பு அல்காவை உலர்த்திச் செய்யப்படுவதாகும். நோரியை நம்பிக்கையுடன் பயிரிடுவதற்கு வழிகாட்டியவர் யப்பானுக்கு ஒருபோதும் சென்றிராத ஓர் ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி ஆவார். அவரது வாழ்க்கையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

இளமையும் கல்வியும்

கத்லீன் மேரி ட்ரூ 1901 நவம்பர் 6 ஆந் திகதி இங்கிலாந்தின் லங்காசயர் பிரதேசத்திலுள்ள லீ என்னும் நகரிற் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று, 1922 இல் முதலாம் வகுப்பிற் சித்தியெய்தி, அங்கேயே விரிவுரையாளரானார். பின்னர் புலமைப்பரிசில் பெற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் அல்காக்களை ஆராய்ந்தார்.

1928 இல் அவர் ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். திருமணமான பெண்களைப் பதவியில் வைத்திருப்பதில்லை என்பது அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் நடைமுறை. இதனால் அவர் தமது விரிவுரையாளர் பதவியை இழந்தார். எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. இரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கௌரவ ஆய்வாளராகப் பணியைத் தொடர்ந்தார். 1939 இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அவர் ஆராய்ந்த அல்கா

போர்பைரா என்பது கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வளரும் சிவப்பு அல்காவாகும். பிரித்தானியாவில் காணப்படும் போர்பைரா அம்பிலிக்காலிசு என்னும் இனத்தை வேல்சு மக்கள் நெடுங்காலமாக உண்டுவருகின்றனர். அதன் இலை போன்ற உடல் ஒரேயொரு கலத்தின் தடிப்பை மட்டுமே உடையது. அதிற் புரதமும் விற்றமின்களும் நிறைந்துள்ளன.

பச்சையம் இருந்தும் இது ஏன் செந்நிறமாகத் தோன்றுகின்றது? பைக்கோஎரித்திரின் என்னும் செந்நிறப் புரதம் பச்சையத்தை மறைப்பதே காரணம். நீருக்குள் ஆழஞ் செல்லச்செல்லச் சிவப்பு ஒளி விரைவாகக் குறைகின்றது. எஞ்சும் பச்சை, நீல ஒளியை இந்நிறப்பொருள் உறிஞ்சி, ஒளித்தொகுப்புக்கு உதவுகின்றது. நோரியை நெருப்பில் வாட்டும்போது இப்புரதம் சிதைந்துவிடும். மறைந்திருந்த பச்சை நிறம் வெளித்தெரியும்.

கண்டுபிடிப்பு

போர்பைராவின் வித்திகள் வெளியேறிய பின் என்னவாகின்றன என்பது விளங்காத புதிராக இருந்தது. கத்லீன் அவ்வித்திகளை வெற்றுச் சிப்பி ஓடுகளுடன் கடல்நீரில் வளர்த்தார். வித்திகள் முளைத்து, ஓட்டைத் துளைத்து, உள்ளே நுண்ணிய இளஞ்சிவப்பு இழைகளாகப் பரவின. இவ்விழைகளை விஞ்ஞானிகள் ஏற்கனவே அறிந்திருந்தனர். ஆயினும் 1892 இலிருந்து அவை கொங்கோசெலிசு என்னும் வேறோர் அல்காவாகக் கருதப்பட்டன. இரண்டும் ஒரே உயிரினத்தின் இரு பருவங்கள் என்பதை 1949 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர் வெளியிட்டார்.

இன்று நாம் இவ்வட்டத்தைப் பின்வருமாறு விளக்கலாம். இலை போன்ற பருவம் ஒருமடியமானது. அதன் புணரிகள் சேர்ந்து நுகம் உருவாகின்றது. அதிலிருந்து வரும் இருமடிய வித்திகள் ஓட்டினுள் இழைகளாகின்றன. இழைகள் உண்டாக்கும் வித்திகள் ஒடுக்கற்பிரிவின் பயனாக மீண்டும் ஒருமடிய இலைப் பருவத்தைத் தருகின்றன.

யப்பானுக்குக் கிடைத்த பயன்

யப்பானிய மீனவர்கள் இலையுதிர் காலத்திற் கடலில் மூங்கில்களையும் வலைகளையும் நாட்டி, வித்திகள் தாமாக வந்து ஒட்டும் என எதிர்பார்த்திருந்தனர். சில ஆண்டுகளில் நல்ல விளைச்சல். சில ஆண்டுகளில் ஒன்றுமேயில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் விளைச்சல் மிகவும் வீழ்ச்சியடைந்து, மீனவக் குடும்பங்கள் இடருற்றன. வித்திகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறியாததால் அவர்களால் எதுவுஞ் செய்ய முடியவில்லை.

கத்லீனின் முடிவைக் கியூசு பல்கலைக்கழகப் பேராசிரியர் செகாவா சோகிச்சி யப்பானில் அறியச்செய்தார். குமமோட்டோவைச் சேர்ந்த ஓட்டா புசாவோ, ஓடுகளில் இழைகளை வளர்த்து, அவற்றின் வித்திகளை வலைகளில் ஒட்டச்செய்யும் முறையை உருவாக்கினார். அதன்பின் நோரிச் செய்கை அதிர்ஷ்டத்தை நம்பிய தொழிலாக இருக்கவில்லை.

இறுதிக் காலம்

1952 இல் பிரித்தானிய அல்காவியற் சங்கம் உருவாக உழைத்த கத்லீன், அதன் முதலாவது தலைவரானார். 1957 செப்டெம்பர் 14 இல், 55 ஆவது வயதிற் காலமானார். 1963 இல் நோரிச் செய்கையாளர் பணஞ் சேர்த்து, ஆரியாக்கே கடலை நோக்கியவாறு உட்டோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைத்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 இல் அங்கு அவர் நினைவுகூரப்படுகின்றார்.

மாணவர்களே, கத்லீன் புதிய பயிர் எதையும் தேடவில்லை. ஒரு வித்திக்கு என்ன நேர்கின்றது என்பதையே அறிய முயன்றார். அடிப்படை ஆய்வின் பயன் எங்கே, எவரைச் சென்றடையும் என்பதை முன்கூட்டியே கூற முடியாது என்பதற்கு அவரது வாழ்வு நல்ல உதாரணமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. போர்பைரா செந்நிறமாகத் தோன்றுவதற்குக் காரணமான நிறப்பொருள் யாது?
2. அதன் இருமடியப் பருவம் எங்கு வளர்கின்றது?
3. 1949 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு நோரிச் செய்கையை மாற்றியமைத்த விதத்தை விளக்குக.