இல்லாத கம்ப்யூட்டருக்குக் கணக்கு எழுதியவர்



போன வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வெறும் நோட்டுல எழுதினா கம்ப்யூட்டர் வந்துடுமா என்று சலித்துக்கொண்டேன். அந்தக் கோபம் போனது அடா லவ்லேஸ் பற்றிப் படித்தபோதுதான்.

அடா 10.12.1815 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா பைரன், பெரிய கவிஞர். குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். அப்புறம் அப்பாவை அடா பார்க்கவே இல்லை. மகளும் அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அம்மா கணக்குப் பாடம் சொல்லிவைத்தார். 13 வயதில் அம்மை கண்டு, கால்கள் முடங்கி அடா படுத்த படுக்கையானார். பிறகு ஊன்றுகோல் வைத்து நடந்தார். ஆனா படிப்பை விடலை.

17 வயதில், 1833-ல், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பல்சக்கரங்களால் கணக்குப் போடும் இயந்திரத்தை அவர் காட்டினார். பிறகு அதைவிடப் பெரிதாக அனலிட்டிகல் இன்ஜின் என்று ஒன்றுக்குத் திட்டம் போட்டார். அதற்கு வேலை சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். இது நமக்குப் புதுசு இல்லை! எங்க மாமா தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கு. எந்த இழை மேலே போகணும்னு அட்டையில் இருக்கும் ஓட்டைதான் சொல்லும். அப்படித்தான் சேலையில் புட்டா விழும். பாபேஜும் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு தறியிலிருந்துதான் அந்த யோசனையை எடுத்தார்.

மெனப்ரியா என்ற இத்தாலியர் அந்த இயந்திரம் பற்றி பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1843-ல் வெளிவந்தது. கூடவே அவர் சேர்த்த குறிப்புகள் கட்டுரையைவிடச் சுமார் 3 மடங்கு நீளம்! பெர்னூலி எண்களைக் கண்டுபிடிக்க இயந்திரம் முதலில் எதைச் செய்யணும், அடுத்து எதைச் செய்யணும் என்று படிப்படியாக அட்டவணை போட்டார். எண்கள் மட்டுமல்ல, இசையைக்கூட அது அமைக்கலாம் என்றும் எழுதினார். அப்போது அவர் 3 குழந்தைகளுக்குத் தாய். குறிப்புகளில் முழுப் பெயர்கூட இல்லை, ஏ.ஏ.எல். என்ற எழுத்துகள்தான்.

அந்த இயந்திரம் முழுசாகச் செய்து முடிக்கப்படவே இல்லை. தன் கணக்கு ஓடுவதைப் பார்க்காமலே அடா 27.11.1852 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 36. அவர் விருப்பப்படியே, நினைவு தெரிந்து பார்க்காத அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

நூறு வருஷம் கழித்து, கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு, 1953-ல் அவர் குறிப்புகள் மறுபடி அச்சாயின. பாபேஜும் முன்பே சில கணக்குகளை அப்படி எழுதி வைத்திருந்தார். ஆனால் அச்சில் வந்தது அடாவின் அட்டவணை. அதனால் பலரும் அவரையே முதல் புரோகிராமர் என்கிறார்கள். அமெரிக்க ராணுவத் துறை உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழிக்கு அடா என்றே பெயர். 1980-ல் அவர் பிறந்த நாளன்றே அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

நேற்று நான் 1 முதல் 100 வரை கூட்டும் படிகளை நோட்டில் எழுதினேன். என் தோழி கம்ப்யூட்டர் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்தாள். நாலாவது படி தப்பு! திருத்தி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் என் முறை வரும்போது நான் யோசிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன். நீங்களும் ஒரு நோட்டு எடுங்களேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி