சங்கறிந்த ஜேம்ஸ் ஹார்னெல்

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள நமது திண்டுக்கற் சமவெளியிலே, பழனிக்கு அணித்தான பொருந்தலில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, கண்ணாடி மணிகளோடு சங்குவளைத் துண்டுகளும் வெளிப்பட்டன. உழுபவன் கண்டால் வரப்பில் எறிந்துவிடத்தக்க வெள்ளோடுகளே அவை. அத்தகைய துண்டுகளைப் பொருட்படுத்திப் பார்த்தவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹார்னெல். அவர் சரித்திரத்தைச் சிறிது கூறப் புகுகின்றோம்.

1865இல் பிறந்த இவர், ஜெர்ஸித் தீவிற் கடலுயிர்களை ஆராய்ந்து வந்தார். 1902இல் ஹெர்ட்மன் என்னும் பேராசிரியரோடு முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்காக இலங்கை சேர்ந்தார். பேராசிரியர் ஊர் திரும்பினார், இவர் தங்கிவிட்டார். பின்னர்ச் சென்னை அரசாங்க மீன்துறையில் அமர்ந்து, 1918 முதல் 1924 வரை அதன் தலைவராயிருந்தார்.

சங்குகுளிப்பு அரசாங்கத்துக்கு வருவாய் தந்த தொழில். தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கி மூழ்குவோர் எடுத்த சங்குகள் கப்பலேறி வங்காளம் போய், தாக்கா நகரத்துச் சங்கறுப்போர் கையில் வளையாயின. கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு அவ்வளவே போதும். ஹார்னெலோ, நம் சங்கு சேய்மையிற் சென்று அறுபடுவானேன், முன்னாளில் இங்கேயே அறுத்தவர் இலரோ என்று ஆராயத் தொடங்கினார். மதுரைக்காஞ்சி முதலிய நூல்களைச் சான்றாகக் கொண்டார். ஏட்டுச் சான்றோடு அமையாது, கொற்கைக்கே சென்றார்.

சங்கறுப்பவன் முதலில் வாயிதழை நீக்கி, உள்தண்டைச் சுத்தியால் உடைத்தெடுத்து, எஞ்சிய கூட்டைப் பிறைவடிவான கனத்த இரும்புவாளால் வளையம் வளையமாக அறுப்பான். ஆதலின் கழிவுத் துண்டுகளுக்குத் தனி உருவம் உண்டு. தானே உடைந்த சங்கு அவ்வாறு இராது. கொற்கை மண்ணின்மேற் கிடந்த துண்டுகளில் வாளோடிய தடங்களைக் கண்டார் ஹார்னெல். பட்டறை இருந்த இடம் தெரிந்துவிட்டது! புரூஸ் பூட் என்பார் கத்தியவாரிலும் தக்காணத்திலும் திரட்டிய வளைத்துண்டுகளையும் ஒப்புநோக்கி, இத்தொழில் ஒருகாலத்து எங்கெங்கும் பரவியிருந்ததென்று நிறுவினார்.

இவ்வாராய்ச்சி 1914இல் நூலாயிற்று. அதே ஆண்டில் எகிப்து நாட்டு லாஹூனில் ஓர் அரசகுமாரியின் கல்லறையினின்று, சோழிவடிவாகப் பொன்னாற் செய்த மேகலை கிடைத்தது. உலகம் அதனை வியந்தது. கொற்கைக் கழிவோடுகளை நினைத்தவர் சிலரே. நாமோ பின்னவற்றையே பெரிதென்போம். மேகலை அணிந்தவளைக் காட்டும். கழிவோடு கை நோக அறுத்தவனைக் காட்டும்.

ஓய்வுபெற்றபின் பசிபிக் தீவுகளுக்குச் சென்று ஓடங்களை ஆராய்ந்தார். ஹாடன் என்பவரோடு அவைபற்றிப் பெருநூல் இயற்றினார். நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றிய நூல் 1946இல் வெளிவந்தது. 1949இல் காலமானார்.