டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

பெண்கள் கல்வி கற்றல் அரிதாயிருந்த காலத்தில், 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள், புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி அம்மையார். ஆடவர்க்கென அமைந்த கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராய் விளங்கினார். தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்கென ஒளவை இல்லம் நிறுவினார்.

இத்தகைய அம்மையாரின் தங்கை புற்றுநோயால் வருந்தி உயிர் நீத்தார். அத்துயரை அம்மையார் கண்ணீரோடு கழிய விடவில்லை, தொண்டாக மாற்றினார். புற்றுநோயாளர் எவ்வாறேனும் இறப்பவரே, அவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கூறித் தடுத்தாரும் உளர். அம்மையார் தளராது பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அப்பணியில் துணைநின்றார். 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதியும் அமைந்தது. 1968 சூலை 22இல் அம்மையார் மறைந்தார்.

அந்நாளில் புற்றுநோயுற்ற குழந்தைகள் பிழைத்தல் அரிது. இன்றோ, மருத்துவ வசதி மிக்க நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பிழைக்கின்றனர். நம் நாட்டிலும் பிழைப்போர் தொகை பெருகி வருகின்றது. ஆயினும் நோய் நீங்கியவுடன் காவல் முடிந்துவிடுவதில்லை. உயிர் காத்த மருந்துகளுள் சில, பல்லாண்டு கழித்துச் சிலருக்கு இதயத்தைத் தளர்விக்கும். கதிர் மருத்துவம் சிலரது உடல் வளர்ச்சியைக் குறைக்கும். பிற்காலத்தில் வேறொரு புற்று தோன்றுதலும் கூடும்.

தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியில் வாழும் சிறுவன் ஒருவன், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் நலம்பெற்று ஊர் திரும்பினான் எனின், அவனுக்கு இனிச் செய்யத்தக்கது யாது? பெற்ற மருந்துகளையும் கதிர் மருத்துவத்தின் அளவையும் குறித்த ஏட்டைப் பெற்றோர் இழவாது காத்தல் வேண்டும். உடல் நலமாகத் தோன்றினும், மருத்துவர் குறித்த காலந்தோறும் சோதனைக்குச் செல்லுதல் வேண்டும். வளர்ந்தபின் அவன் புகையிலையை அணுகலாகாது.

உடன் பயிலும் மாணவர்க்கும் கடமை உண்டு. புற்றுநோய் தொற்றுநோய் அன்று. ஆதலின் அவனை விலக்காமலும், இரங்கி ஒதுக்காமலும், தம்முள் ஒருவனாக ஏற்று, பாடத்திலும் விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். பிழைத்தவர் நெடுநாள் நலமுடன் வாழத் துணைநிற்பதே அம்மையார்க்குச் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.