ஐன்ஸ்டீனின் கடைசி முடிவு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாழும் எனக்கு, இங்குள்ள தாகூர் கலைக் கல்லூரியின் பெயர் கவிஞரை மட்டுமன்றி, ஓர் அறிவியலாளரையும் நினைவூட்டும். 1930 ஜூலையில், பெர்லினை அடுத்த கபுத் என்ற சிற்றூரிலிருந்த தன் இல்லத்தில் தாகூரை வரவேற்று, உண்மையின் இயல்பு குறித்து அவருடன் உரையாடியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். அவருடைய ஆய்வுகளைப் பாடநூல்கள் பேசுகின்றன. அவருடைய மரணம் உணர்த்தும் பாடத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

1879-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர் ஐன்ஸ்டீன். 1905-இல் சிறப்புச் சார்பியலையும், 1915-இல் பொதுச் சார்பியலையும் உலகுக்கு அளித்தார். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். புகைக்குழாய் அவரது நெடுநாள் தோழன்.

பல ஆண்டுகளாக வயிற்று வலியால் அவதியுற்ற அவருக்கு 1948-இன் இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளினில் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிஸ்ஸனும் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத மருத்துவரே. அவர் கண்டது, வயிற்றுப் பெருந்தமனியில் ஏற்பட்டிருந்த பெரிய வீக்கம். பழுதான தமனியை அகற்றி மாற்றுக்குழாய் பொருத்தும் முறை அன்று உருவாகியிருக்கவில்லை. எனவே, தழும்புத் திசு வளர்ந்து சுவரை வலுப்படுத்தும் என்ற நம்பிக்கையில், வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். அதன்பின் ஐன்ஸ்டீன் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார்.

1955 ஏப்ரல் 11-இல் அணு ஆயுதங்களுக்கு எதிரான ரஸ்ஸலின் அறிக்கையில் கையெழுத்திட்டார். இரண்டே நாள்களில் கடும் வலியுடன் சாய்ந்தார். வீக்கம் கசியத் தொடங்கியிருந்தது. பாரிஸில் சார்ல் துபோஸ்த் 1951-லேயே இத்தகைய தமனியை அகற்றி, மாற்றுத் தமனி பொருத்தி வெற்றி கண்டிருந்தார். ஆயினும், அறுவை சிகிச்சை என்ற யோசனையை ஐன்ஸ்டீன் ஏற்கவில்லை. உயிரைச் செயற்கையாக நீட்டிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. மருத்துவமனைப் படுக்கையிலும் கணக்கீட்டுத் தாள்களை வரவழைத்தார். ஏப்ரல் 18 அதிகாலையில், 76-ஆவது வயதில் காலமானார். தமனி வெடித்ததைப் பிணக்கூறாய்வு உறுதி செய்தது.

அந்த மறுப்பு அச்சத்தில் பிறந்ததன்று. தன் நிலையை அறிந்த ஒருவர் தெளிந்த மனத்துடன் எடுத்த முடிவு. கண்ணியத்துடன் இறக்கும் உரிமையை 2018-இல் நம் உச்சநீதிமன்றமும் ஏற்றது. ஆனால், அறிந்து மறுப்பது வேறு. அறியாமலே இறப்பது வேறு. நம்மிடையே இந்நோய்க்கு இரையாவோரில் பலர் இரண்டாம் வகையினர் என்பதே என் கவலை.

சுமார் 2 செ.மீ. விட்டமுள்ள இத்தமனி 3 செ.மீ. அல்லது அதற்குமேல் விரிந்தால் அது வீக்கம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. வெடித்தால், பலர் மருத்துவமனையை அடையும் முன்பே இறக்கின்றனர். புகைப்பழக்கமுள்ள முதியவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலியும் மயக்கமும் வந்தால், அதை வாயுத் தொல்லை என்றோ சிறுநீரகக் கல் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. ரத்த அழுத்தம் தாக்குப்பிடித்தால் சி.டி. ஸ்கேன், சரிந்துகொண்டிருந்தால் நேரே அறுவை அரங்கு. அங்கு ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை.

வெடிக்கும் முன் கண்டறிய, வலியில்லாத ஓர் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை போதும். ஆண்களுக்கு வீக்கம் 5.5 செ.மீ.யை எட்டினால் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இன்று பலருக்கு வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே உறைக்குழாய் பொருத்தவும் முடிகிறது. பிரிட்டனில் 65 வயதை எட்டும் ஆண்களுக்கு இப்பரிசோதனை அரசுத் திட்டமாகவே உள்ளது. நம் அரசு மருத்துவமனைகளின் முதியோர் பரிசோதனையிலும், குறைந்தபட்சம் புகைத்த வரலாறு உள்ள ஆண்களுக்கேனும் இதைச் சேர்க்க வேண்டும். முடிவெடுக்கும் வாய்ப்பு ஐன்ஸ்டீனுக்குக் கிடைத்தது, நோய் இன்னதென அவர் அறிந்திருந்ததால்தான். அந்த வாய்ப்பு சாமானியருக்கும் உரியது.