கணக்கில் புலி, விளையாட ஆள் இல்லை: ராமானுஜனைத் தாங்கிப் பிடித்த நண்பர்கள் யார்?

வகுப்புல முதல் மார்க். ஆனா இடைவேளையில் தனியா ஒரு ஓரமா நிற்கிற பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். கணித மேதை சீனிவாச ராமானுஜனும் சின்ன வயசுல கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தார். அவருடைய கணக்கு உலகத்துக்குத் தெரிய வந்ததில் நண்பர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அது எப்படி? பார்க்கலாம்.

ஈரோட்டில் பிறந்த பிள்ளை

மேச்சேரியில் இருந்து மேட்டூர், பவானி வழியாகப் போனால் வருகிற ஈரோடுதான் ராமானுஜன் பிறந்த ஊர். 1887 டிசம்பர் 22-ம் தேதி, அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அம்மா கோமளத்தம்மாள்.

2 வயசுல பெரியம்மை வந்து பிழைத்தார். 3 வயசு வரை சரியாகப் பேச்சு வரவில்லை. அவருக்கு அடுத்துப் பிறந்த 3 குழந்தைகளும் ஒரு வயசைக்கூடத் தாண்டவில்லை. அதனால் சுமார் 10 வயசு வரை வீட்டுக்கு ஒரே பிள்ளை. தெருவில் விளையாட அனுப்ப மாட்டார்கள். பிள்ளைகள் வந்தால் ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. விளையாட்டிலும் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

மார்க்குக்காகப் போன பேச்சு

படிப்பில் மட்டும் யாரும் கிட்ட நெருங்க முடியாது. 1897-ல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். ஆனா ஒரு கணக்குத் தேர்வில் நண்பர் சாரங்கபாணி அவரைவிடக் கூடுதல் மார்க் வாங்கிவிட்டார். அவ்வளவுதான், அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார் ராமானுஜன். மற்ற பாடத்தில் பின்தங்கினால் பரவாயில்லை, கணக்கிலேயே தோற்பதா என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாராம். கணக்குதான் அவருக்கு எல்லாமே. அதற்காக ஒரு நட்பையே தள்ளி வைக்கிற அளவுக்கு ரோஷம்.

சவால் விட்டவர் என்ன ஆனார்?

பள்ளியில் மூத்த மாணவர் ராஜகோபாலாச்சாரி. (நம்ம ராஜாஜி இல்லை, இவர் வேறு.) ராமானுஜனைச் சோதிக்க ஒரு கணக்குப் போட்டார். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவது எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அந்த எண்கள் என்ன?

9, 4 என்று சட்டென்று விடை வந்தது. சோதிக்க வந்தவர் நண்பராகிவிட்டார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் ஃபெயில், கைகொடுத்தது யார்?

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் உதவித்தொகை போய்விட்டது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். அடுத்த வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, உடம்பும் சரியில்லை. தன் உயிருக்கு மேலாக வைத்திருந்த கணக்கு நோட்டுப் புத்தகங்களை, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கணிதப் பேராசிரியர்களிடம் சேர்த்துவிடச் சொல்லி ராதாகிருஷ்ண ஐயர் என்ற நண்பரிடம்தான் ஒப்படைத்தார்.

அப்போதுதான் ராஜகோபாலாச்சாரி மறுபடியும் வருகிறார். நெல்லூர் கலெக்டராகவும் இந்தியக் கணிதக் கழகத்தின் செயலாளராகவும் இருந்த ராமச்சந்திர ராவுக்கு, இதெல்லாம் இந்த இளைஞர் சொந்தமாகக் கண்டுபிடித்ததுதானா என்று சந்தேகம். அவரிடம் ராமானுஜனுக்காகப் பரிந்து பேசியவர் இந்தப் பள்ளித் தோழர்தான். ராமானுஜன் நேரில் விளக்கியதும் ராவின் சந்தேகம் தீர்ந்தது. மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் இரவில் கூடவே உட்கார்ந்து, சிலேட்டில் கணக்குப் போடும் துணையானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் போர்வையும் ரசமும்

அங்கே குளிர் வாட்டியது. கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்கு மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவற்றுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர், பின்னாளில் புள்ளியியல் மேதையான மகலனோபிஸ்.

பழைய ரோஷமும் கூடவே இருந்தது. ஒருமுறை நண்பர் சாட்டர்ஜியையும் இன்னும் சிலரையும் விருந்துக்கு அழைத்து, தானே சமைத்துப் போட்டார். மூன்றாவது முறை ரசம் பரிமாற வந்தபோது விருந்துக்கு வந்த பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை! நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து தந்தி. 5 பவுண்டு அனுப்பச் சொல்லி, அதே சாட்டர்ஜிக்கு! சின்ன வயசுல கோபம் வந்தால் பேச்சே நின்றுபோகும். இப்போது கோபம் வந்தாலும் யாரிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1729 சொல்வது என்ன?

1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1919-ல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயசு 32 தான்.

ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சட்டென்று சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனா அது நடந்த இடம் வகுப்பறை இல்லை. லண்டன் பட்னியில், நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்க நண்பர் வந்திருந்த நேரம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தனியா நின்ற பிள்ளைக்கு, கடல் தாண்டிய ஊரில் பார்க்க வர ஒருவர் இருந்தார்.